கோட்டைப் பூங்காவில் ஒரு யூரோ வேலை: பயிற்சியா, ஊழியமா?

கேள்வி, 3 மார்ச் 2024

இங்கே ஜேர்மனியில் வேலையற்றோருக்கு உதவித்தொகை கொடுக்கும் ஜொப் சென்டரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பழைய கோட்டை ஒன்றின் பூங்காவைச் சீர்ப்படுத்தும் திட்டமாம். வாரம் 30 மணி, மணிக்கு 2 யூரோ. "பசுமைத் துறையில் தகுதிப் பயிற்சி" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பிரபு வீட்டுத் தோட்டத்தை வேலையில்லாதவனைக் கொண்டு கூட்டிப் பெருக்குவதற்குப் பயிற்சி என்று பெயர். ஒல்லாந்தன் யாழ்ப்பாணத்தில் கட்டாயமாக வாங்கிய ஊழியத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

3 மார்ச் 2024, இரவு

போய்வந்தவன் நான். 2007 ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை, மேற்கு ஜேர்மனியின் ரூர் பகுதிக்கு வடக்கே ஒரு நீர்க்கோட்டையின் பூங்காவில். ஏப்ரல் 1 ஞாயிற்றுக்கிழமை. ஆகவே திங்கள்தான் முதல் வேலை நாள். எந்தக் கோட்டை என்று எழுதமாட்டேன், கேட்காதீர்கள். அங்கே இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள் வேலை செய்கிறார்கள்.

சுருக்கமாகச் சொன்னால் தம்பி, நீர் எழுதியது சரி. ஆறு மாதத்தில் நான் கற்றது ஒன்றுமில்லை. கிடைத்தது ஒரு முதுகு வலி.

4 மார்ச் 2024

நேற்று கோபத்தில் எழுதிவிட்டேன். ஒன்றுமில்லை என்பது பொய். ஆனால் முதலில் கணக்கு.

அன்றைக்கு ஹார்ட்ஸ் 4 என்று சொல்லும் வேலையற்றோர் உதவித்தொகை தனியாளுக்கு மாதம் 345 யூரோ. அந்த வருடம் ஜூலையில் இரண்டு யூரோ கூட்டினார்கள். நான் 25 வருடம் இயந்திரத் தொழிற்சாலைகளில் நின்றவன். தொழிற்சாலையை மூடியபின் அந்த 345-க்கு வந்து சேர்ந்தேன். பூங்காவில் மணிக்கு ஒன்றரை யூரோ. அதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, "மேலதிகச் செலவுக்கான ஈடு". முப்பது மணி முழுக்கப் போனால் மாதம் 195 யூரோ அளவில் வரும். காய்ச்சலில் படுத்தால் அந்த மணிகளுக்கு எதுவும் இல்லை. ஓய்வூதியக் கணக்கில் இந்த வேலைக்கென்று ஒரு சதமும் ஏறாது.

இந்த ஏற்பாட்டுக்கு ஜேர்மன் சட்டத்தில் இருக்கிற பெயர் ஆர்பைட்ஸ்கெலேகன்ஹைட். வாய் வலிக்காமல் சொல்லி முடிப்பதற்குள் பத்து நிமிட இடைவேளை வந்துவிடும். அதனால் எல்லோருக்கும் அது ஒரு யூரோ வேலை.

முக்கியமான விஷயம் அந்தச் சட்டத்தில் இருக்கிற ஒரு சொல்: "மேலதிகமான". நாங்கள் செய்யும் வேலை மேலதிகமானதாக இருக்க வேண்டும். அதாவது, நாங்கள் இல்லாவிட்டால் யாரும் செய்யாத, யாரும் பணம் கொடுத்துச் செய்விக்காத வேலையாக இருக்க வேண்டும். காரணம் நியாயமானதுதான். இலவசக் கையாட்களைக் கொண்டுவந்து இறக்கினால் ஊரிலுள்ள தோட்டக்காரக் கம்பனிக்காரன் கடையை மூடிவிட்டு நம்மோடு வரிசையில் வந்து நிற்பான்.

இதன் விளைவை முதல் நாளே கண்டேன். 2007 ஜனவரி 18-இல் கிரில் என்ற புயல் அடித்தது. இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், ரயில்களை நாடு முழுக்க நிறுத்திய இரவு. பூங்காவில் பீச் மரங்கள் வேரோடு புரண்டு கிடந்தன. ஏப்ரல் 2 காலையில் பதினான்கு பேர் புதுச் சப்பாத்தும் புதுக் கையுறையுமாக அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தொடக்கூடாது என்றார்கள். விழுந்த மரத்தை அகற்றுவது நிலத்துக்குரியவனின் பாதுகாப்புக் கடமை. கட்டாயம் செய்தே ஆக வேண்டிய வேலை. ஆகவே அது மேலதிகமானது அல்ல. கம்பனி ஒன்று இயந்திரத்தோடு வந்து ஐந்து நாளில் அறுத்து ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் சற்றுத் தள்ளி, புல்லுக்குள் புதைந்திருந்த பாதை ஓரக் கற்களைத் தேடிக்கொண்டிருந்தோம்.

சந்தையில் கூலி கொடுக்கிற வேலை சங்கிலி வாளில் இருந்தது. எங்கள் கையில் இருந்தது மண்வெட்டி.

9 மார்ச் 2024

பூங்காவில் மரங்களாலான வேலி ஏதும் இருந்ததா, அதை வெட்டினீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கதையை வைத்து நான் பதினேழு வருடமாக ஆட்களைச் சிரிக்க வைக்கிறேன்.

பூங்காவின் தெற்குப் பக்கத்தில் ஹைன்பூஹே என்ற மரத்தை நட்டு வளர்த்த வேலி ஒன்று இருந்தது. வேலி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாற்பது வருடம் யாரும் ஒழுங்காக வெட்டாமல் இரண்டாள் உயரத்துக்கு வளர்ந்து, கீழே மொட்டையாக, மேலே குடை விரித்து நின்றது. அதை மீட்பது எங்கள் பயிற்சித் திட்டத்தில் எழுதியிருந்த முதலாவது வேலை.

ஜேர்மனியில் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை வேலியைத் தறிக்கக்கூடாது. பறவைகள் கூடு கட்டும் காலம். வெளியே நீட்டும் புதுத் தளிரை நுனியில் கிள்ளலாம், அவ்வளவுதான். எங்கள் திட்டம் ஏப்ரல் 1-இல் தொடங்கி செப்டம்பர் 30-இல் முடிகிறது. இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

திட்டம் எழுதியவருக்கு நிதியாண்டு தெரியும். குருவியைத் தெரியாது.

ஆறு மாதமும் வாரத்துக்கு ஒரு தடவை எங்கள் மைஸ்டர், அதாவது எங்களுக்கு வேலை பழக்கியவர், அந்த வேலிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, எப்படி வெட்டுவோம் என்று விளக்கினார். குளிர்காலம் முடியும் தறுவாயில் ஒரு பக்கத்தை மட்டும் நடுத்தண்டை ஒட்டித் தறிக்க வேண்டும். மற்றப் பக்கத்து இலைகள் மரத்துக்குச் சோறு போடும். தறித்த பக்கம் தளிர்த்து மூடிய பிறகு, அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ மறுபக்கம். மொத்தம் இரண்டு, மூன்று குளிர்காலம் வேண்டும். எங்களிடம் ஒரு கோடை இருந்தது. நான் அந்த வேலியை மனதுக்குள் எத்தனை தடவை வெட்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

10 மார்ச் 2024

திருத்தம். வேலித் தடை நாடு முழுவதுக்குமான சட்டமாக வந்தது 2010-இல் என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிதான். 2007-இல் எங்களைக் கட்டியது மாநிலச் சட்டம். திகதிகள் அதேதான். குருவியும் அதே குருவிதான்.

இன்னொன்று: "கோட்டை" என்று எழுதாதே, பீரங்கி நினைவுக்கு வருகிறது என்கிறார் ஒரு அண்ணன். யாழ்ப்பாணத்தானுக்குக் கோட்டை என்றால் அப்படித்தான். இங்கே ஸ்லொஸ் என்பது பெரும்பாலும் அகழி சூழ்ந்த மாளிகை. தட்டையான சதுப்பு நிலமென்பதால் மலைக்குப் பதில் தண்ணீர் காவல். வெஸ்ட்பாலியாவின் வெர்சாய் என்று பெயர் வாங்கிய நோர்ட்கிர்ஷன் மாளிகைக்குள் இன்றைக்கு வரி அதிகாரிகளைப் பயிற்றும் கல்லூரி நடக்கிறது. பிரபுக்கள் போய் வரி வந்தது. இனி நான் கோட்டை என்றே எழுதுவேன், பழகிவிட்டது.

17 மார்ச் 2024

முதல் இரவு "ஒன்றுமில்லை" என்று எழுதியதற்குப் பிராயச்சித்தமாகப் பாதையைப் பற்றி எழுதுகிறேன். இது நீளும். பொறுமையில்லாதவர்கள் அடுத்த பதிவுக்குப் போகலாம்.

பூங்காவின் பழைய வரைபடம் ஒன்றின் படி எங்களிடம் இருந்தது. அதில் பாதைகள் வளைந்து வளைந்து போகும். எந்த வளைவிலும் முழுப் பூங்காவும் தெரியாது, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்று திறக்கும், ஒன்று மறையும். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பாணி என்று இங்கே எல்லாப் பிரபுக்களும் பைத்தியமாக அலைந்தார்கள். ஆனால் தரையில் அந்தப் பாதை இல்லை. மக்கள் நேர்கோட்டில் நடந்து, குறுக்கு வழி போட்டு, அதன்மேல் எப்போதோ நகரசபை தார் ஊற்றியிருந்தது.

மைஸ்டர் ஓய்வுபெற்ற தோட்டக்காரர். அறுபத்தெட்டு வயது. கையில் ஒரு இரும்புக் கம்பி. புல்தரையில் ஓர் அடிக்கு ஒரு தடவை கம்பியைக் குத்திக்கொண்டே நடப்பார். மண்ணானால் சத்தமில்லாமல் இறங்கும். பழைய பாதையானால் ஒரு சாணில் "கிரிச்" என்று நிற்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு நாங்கள் குச்சி நட்டுக்கொண்டு போவோம். மத்தியானத்துக்குள் புல்லின்மேல் குச்சிகளால் ஒரு வளைவு எழும்பி நிற்கும். வரைபடத்தோடு ஒத்துப் பார்த்தபோது ஒரு மீட்டர் பிசகவில்லை. நான் மெய்சிலிர்த்தேன், வேறென்ன சொல்ல.

பிறகு குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டிப் பார்த்தோம். மேலே தார். அதன்கீழ் சிவப்பாக ஓர் அடுக்கு. அதன்கீழ் மஞ்சள் சரளை, அதுதான் பிரபு காலத்துப் பாதை. சிவப்பு என்னவென்று எனக்குப் புரியவில்லை. எங்கள் குழுவில் முன்னாள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் இருந்தார். காலையில் எல்லோருக்கும் "குளுக் ஆவ்ஃப்" என்று சுரங்க வணக்கம் சொல்லுகிறவர். அவர் குந்தி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். சுரங்கத்திலிருந்து கரியோடு வெளியே வந்த கழிவுக்கல், மேட்டில் குவிந்து உள்ளுக்குள்ளேயே எரிந்து சிவந்தது. ரூர் பகுதியின் பழைய கால்பந்து மைதானமெல்லாம் இதுதான். முழங்காலில் சிராய்த்தால் வாழ்நாள் முழுக்கத் தழும்பு. "இது எங்கள் குப்பை" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

பாதை போடுவது எப்படி என்று கேட்டவருக்கு: சீமெந்தும் வேண்டாம், தாரும் வேண்டாம். அடியில் பெரிய சல்லி. அதன்மேல் சிறிய சல்லி. கடைசியில் கல்தூளும் மணலும் கலந்த மெல்லிய அடுக்கு, இரண்டு விரல் தடிப்பு. ஈரமாக இருக்கும்போது உருளையால் இறுக்க வேண்டும். காய்ந்தால் தூளாகப் பறக்கும், கூட நனைந்தால் உருளையில் ஒட்டிக்கொண்டு பாதை எழும்பி வரும். இந்த நடு ஈரத்தைக் கையால் பிடித்துப் பார்த்துத்தான் அறிய முடியும். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிட்டுக்கு மாக் குழைக்கத் தெரிந்தவன் இதில் பாதி தேறிவிடுவான். இதை நான் மைஸ்டரிடம் சொல்லி, பிட்டு என்றால் என்ன என்று விளக்கப்போய், கடைசியில் மனைவி ஒரு நாள் பதினைந்து பேருக்குப் பிட்டும் சம்பலும் கட்டித்தர வேண்டியதாயிற்று. சுரங்கக்காரர் மூன்று தடவை வாங்கினார். சம்பலுக்குத் தண்ணீரும் குடித்தார்.

பாதையின் நடு முதுகு சற்று உயர்ந்து, இரண்டு பக்கமும் நூற்றுக்கு ஐந்து சரிய வேண்டும். அப்போதுதான் மழை நிற்காமல் ஓடும்.

நானூறு மீட்டர் போட்டோம். ஆறு மாதத்தில் நானூறு மீட்டர் என்றால் கம்பனிக்காரன் சிரிப்பான். எங்களில் இரண்டு பேருக்குத் தவிர மற்றவர்களுக்கு ஏப்ரலில் மண்வெட்டி பிடிக்கவே தெரியாது.

18 மார்ச் 2024

ஐந்து அல்ல, மூன்று. நூற்றுக்கு மூன்று சரிவு. ஐந்து வைத்தால் முதல் பெருமழையிலேயே மேல் மணல் கழுவிக்கொண்டு போய்விடும். மைஸ்டர் இருந்திருந்தால் கம்பியால் என் காலில் குத்தியிருப்பார்.

1 ஏப்ரல் 2024

கிழக்கு ஜேர்மனியில் கொட்பூஸில் இருக்கும் அக்கா எழுதியதைப் படித்தேன். கிழக்கில் சுவர் விழுந்தபின் நடந்ததை நாங்கள் மேற்கிலிருந்து தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். அவர் சொல்வது இது: 1990-க்குப் பிறகு அங்கே பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் ஆலைகளும் அடுத்தடுத்து மூடியபோது, வேலையற்றவர்களுக்குச் சம்பளத்தோடு வேலை கொடுத்த ஆ-பே-எம் என்ற திட்டத்தில் ஆட்களை அள்ளி எடுத்தார்கள், 1992-இல் கிழக்கில் மட்டும் நான்கு லட்சத்தை ஒட்டியவர்கள் அதில் இருந்தார்கள். பாழடைந்து கிடந்த கோட்டைப் பூங்காக்கள் பலவற்றில் காடு வெட்டியதும் குளம் தூர்வாரியதும் அவர்கள்தான்.

அக்கா, ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஆ-பே-எம் காரனுக்குக் கிடைத்தது சம்பளம். ஓய்வூதியத்தில் ஏறும் சம்பளம். அவன் வீட்டில் போய் "வேலைக்குப் போய்வந்தேன்" என்று சொல்லலாம். நான் "நடவடிக்கைக்குப் போய்வந்தேன்" என்றுதான் சொல்லலாம், அதுதான் படிவத்தில் இருந்த சொல். அந்த ஆ-பே-எம்மையும் 2012-இல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பூங்காக்களை உண்டாக்கிய உங்கள் ஊர்ப் பிரபு பியூக்லரைப் பற்றி இவ்வளவு மரியாதையாக எழுதியிருக்க வேண்டாம். 1815-இல் முஸ்காவ் ஊர்மக்களுக்கு அறிக்கைவிட்டுப் பூங்காவுக்காக நிலம் வாங்கத் தொடங்கியவர், ஆற்றைத் திருப்பினார், வளர்ந்த மரங்களை வண்டியில் ஏற்றி இடம் மாற்றி நட்டார். பணம் தீர்ந்தது. மனைவி லூசியின் சம்மதத்தோடேயே அவரை 1826-இல் விவாகரத்துச் செய்துவிட்டு, பணக்காரப் பெண்ணைத் தேடி இங்கிலாந்து போனார். தோட்டத்தைக் காப்பாற்றத்தான்! பெண் கிடைக்கவில்லை. ஊர் ஊராகப் பூங்காக்களைப் பார்த்து லூசிக்கே கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் புத்தகமாகி விற்றன. கடைசியில் 1845-இல் முஸ்காவை விற்றார், கொட்பூஸுக்குப் பக்கத்தில் பிரானிட்ஸில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார், குளத்தின் நடுவே மண்ணால் ஒரு பிரமிட் எழுப்பி அதற்குள்ளேயே அடக்கமானார். இந்த மனிதரை ஜொப் சென்டர் வரிசையில் நிறுத்தினால் என்ன தகுதிப் பயிற்சி கொடுப்பார்கள் என்று யோசித்துச் சிரித்தேன்.

முஸ்காவைப் பற்றி எனக்கு நெஞ்சில் நிற்கிற விஷயம் வேறு. 1945-இல் எல்லைக்கோடு நைஸ்ஸே ஆற்றில் விழுந்து பூங்கா இரண்டாக வெட்டுப்பட்டது. பெரிய பங்கு போலந்துக்குப் போனது. மாளிகை எரிந்து கூடாக நின்றது. ஒரு கரையில் நின்றால் மறுகரை தெரிய வேண்டும் என்று பியூக்லர் திறந்த பார்வை வழிகளை மரம் மூடியது. எண்பதுகளின் கடைசியில் இரண்டு நாட்டுக்காரர்களும் சேர்ந்து அந்த வழிகளைத் திறக்கத் தொடங்கினார்கள். ஆற்றுக்குக் குறுக்கே இரட்டைப் பாலம் 2003-இல் மறுபடி வந்தது. அடுத்த வருடம் யுனெஸ்கோ இரண்டு நாடுகளுக்கும் சேர்த்து ஒரே பட்டியலில் எழுதியது. எல்லையில் மரம் வெட்டுகிறார்கள் என்றால் எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் வேறு. இராணுவப் பாதுகாப்பு வலயத்துக்காக வெட்டிய பனைகளை நினைத்தேன். இங்கே மறுகரை தெரிவதற்காக வெட்டினார்கள்.

2 ஏப்ரல் 2024

ஆம், மூன்று நிற ஐஸ்கிரீமுக்கும் அவர் பெயர்தான். இதற்கு மேல் பியூக்லர் வேண்டாம்.

21 ஏப்ரல் 2024

ஒல்லாந்திலிருந்து ஒருவர் அம்ஸ்டர்டாம் காட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். 1934 முதல் ஏறக்குறைய 20,000 வேலையற்றவர்கள் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகத் தோண்டியெடுத்த காடு. இன்றைக்கு அங்கே படகோட்டுகிறவனுக்குத் தான் யாருடைய முதுகின்மேல் ஓட்டுகிறேன் என்று தெரியாது. இயந்திரத்தை வேண்டுமென்றே ஒதுக்கிக் கையால் செய்வித்தார்கள், ஆள் கூடப் பிடிக்கும் என்பதற்காக. எங்கள் பூங்காவிலும் அதே கதை: சின்ன இயந்திர வண்டி ஒன்று கேட்டோம், "நேரத்துக்கு என்ன அவசரம்?" என்று பதில் வந்தது. அந்த வாக்கியத்துக்காக நான் அன்று முழுக்கப் பேசவில்லை. மனிதனுக்கு அவமானம் கூலி குறைவாகக் கிடைப்பதிலே மட்டும் இல்லை.

ஊழியம் என்று தம்பி கேட்டதற்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. இலங்கையில் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை 1832-இல் ஒழித்தார்கள். அதிலே மறுக்க வழியில்லை. 2007-இல் எனக்கு மறுக்க வழி இருந்தது: முதல் மறுப்புக்கு உதவித்தொகையில் நூற்றுக்கு முப்பது வெட்டு, இரண்டாவதற்கு அறுபது, மூன்றாவதற்கு முழுதும். இதை விருப்பம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். 2019-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தலையிட்டு, முப்பதுக்கு மேல் வெட்டக்கூடாது என்றது. ஆக, என் காலத்தில் நீர் சொன்ன சொல் அதிகம் தப்பில்லை. 2019-க்குப் பிறகு கொஞ்சம் தப்பு.

ஆனால் அந்தப் பூங்கா பிரபுவினது அல்ல தம்பி. கதவு இல்லை, டிக்கெட் இல்லை. ஞாயிற்றுக்கிழமை துருக்கிக் குடும்பங்கள் தேநீர்க் கெண்டியோடு வந்து உட்காருவார்கள். நான் சின்ன வயதில் யாழ்ப்பாணம் பழைய பூங்காவில் விளையாடியவன். 1829 முதல் 1867 வரை யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்த டைக் துரை உண்டாக்கிய சோலை அது. துரைக்கு அன்று யார் குழி வெட்டினார்கள், என்ன கூலி என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. நிழலில் பந்தடித்தோம்.

12 மே 2024

சான்றிதழைக் காட்டச் சொன்னவருக்காக மேசை லாச்சியைக் கவிழ்த்துத் தேடினேன். கிடைத்தது. ஒரு பக்கம், முத்திரையோடு. "பங்கேற்றார்" என்று இருக்கிறது. கற்றார் இல்லை, தேர்ந்தார் இல்லை, பங்கேற்றார். கல்யாண வீட்டுக்குப் போய்வந்ததற்கும் இப்படித்தான் எழுத வேண்டும்.

இங்கே தோட்டக்காரன் ஆக மூன்று வருடத் தொழிற்பயிற்சி, பாடசாலை, தேர்வு. ஆறு மாதத்து "தகுதிப் பயிற்சி" அந்த மூன்று வருடத்தில் ஒரு நாளைக்கூடக் கழிக்காது. சங்கிலி வாள் சான்றுக்குச் சில நாள் வகுப்புப் போதும். அதைக் கையில் வைத்திருந்தால் எந்தக் கம்பனியும் குளிர்காலத்துக்கு எடுக்கும். கேட்டோம். நிதி இல்லை என்றார்கள். கையுறைக்கும் சப்பாத்துக்கும் நிதி இருந்தது. நல்ல சப்பாத்து, அதைச் சொல்லவேண்டும். 2016 வரை போட்டேன்.

13 மே 2024

இரவு தூக்கம் வரவில்லை. ஒரு விஷயத்தை நான் இரண்டு மாதமாக மறைத்துக்கொண்டு வருகிறேன்.

2008 பங்குனியில் எனக்கு வேலை கிடைத்தது. மயானத் தோட்ட வேலை; கல்லறைகளைச் சுற்றிப் பூ நடுவதும் பாதை பராமரிப்பதும். பதினோரு வருடம் அங்கே இருந்தேன், ஓய்வூதியம் அதில்தான் தேறியது. எப்படிக் கிடைத்தது? அந்தக் கம்பனி முதலாளியும் மைஸ்டரும் பழைய பழக்கம். மைஸ்டர் தொலைபேசியில், "ஒரு தமிழன் இருக்கிறான், அவனுக்கு ஈரம் தெரியும்" என்றாராம். முதலாளி பிறகு சொல்லிச் சிரித்தார். நேர்முகத்துக்குப் போனபோது சான்றிதழை நீட்டினேன், மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு வாளி கல்தூளைக் காட்டி, தண்ணீர் ஊற்று என்றார்.

அப்படியானால் பயிற்சி பலித்ததா? எனக்குப் பலித்தது. மற்றப் பதின்மூன்று பேரில் எனக்குத் தெரிந்து இரண்டு பேருக்குத் தோட்ட வேலை கிடைத்தது. சுரங்கக்காரருக்கு இல்லை. எங்களில் மிகச் சிறந்த கை அவருடையது. ஓரக்கல் வைத்தால் நூல் பிடித்தது போல் நிற்கும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று மண்ணைப் பார்த்தே சொல்வார். ஐம்பத்தேழு வயது, கெட்ட முழங்கால். மைஸ்டர் அவருக்காகவும் தொலைபேசி எடுத்தார், மூன்று இடத்துக்கு. அதற்கடுத்த வருடம் அவர் இன்னொரு "நடவடிக்கை"யில் இருந்தார், வேறொரு பூங்காவில், மறுபடி "பசுமைத் துறையில் அறிமுகம்" என்ற வகுப்பில். பாதை போடுவது எப்படி என்று அவருக்கு இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் படம் காட்டினானாம்.

2018 டிசம்பரில் பொட்ரொப்பில் கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை மூடியபோது அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். தொலைக்காட்சி பார்க்கவில்லை என்றார். பிறகு, அந்தச் சிவப்புப் பாதை எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

16 ஜூன் 2024

அவர் கேட்டதற்காக இல்லை, ஆனாலும் நேற்றுப் போய்ப் பார்த்துவந்தேன்.

நானூறு மீட்டரில் ஏறக்குறைய முந்நூறு நன்றாக இருக்கிறது. பதினேழு வருடத்துக்கு மோசமில்லை. அகழிப் பக்கத்து வளைவில் புல் ஏறிவிட்டது. வருடம் ஒரு தடவை ஓரத்தைச் செதுக்கி மேல் மணல் தூவினால் போதும், செய்வதற்கு ஆளில்லை. மீட்பதற்கு நிதி ஒதுக்குகிறவர்கள் பராமரிப்பதற்கு ஒதுக்குவதில்லை. பராமரிப்பு "மேலதிகமானது" அல்ல, பாருங்கள்! நகரசபையின் வழக்கமான கடமை. ஆகவே நம்மைப் போன்றவர்கள் தொடக்கூடாது. நகரசபைக்கு ஆளும் இல்லை. பாதை முழுக்கக் கெட்டுப்போனால் மறுபடி "மீட்பு" ஆகிவிடும், அப்போது இன்னொரு பதினான்கு பேருக்குப் புதுச் சப்பாத்துக் கிடைக்கும்.

2014 ஜூன் 9-இல் ஏலா புயல் இந்தப் பகுதியையே புரட்டிப் போட்டதே, அதில் மேற்குப் பக்கத்துப் பெரிய மரங்கள் போயிருக்கின்றன. அந்த இடைவெளியால் கோட்டையின் வடமேற்குக் கோபுரம் தண்ணீரோடு சேர்ந்து தெரிகிறது. பழைய வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பார்வை வழி இருந்தது. அதைத் திறக்க அனுமதி கேட்டு அலைந்தார்கள். காற்று அனுமதி கேட்கவில்லை.

வேலியை யாரோ தறித்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும், ஒழுங்காக. அடியிலிருந்து இலை. அரை மணி நேரம் அதன் முன்னால் நின்றேன். நாய் கொண்டுவந்த ஒரு பெண்மணி ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

8 செப்டம்பர் 2024

கேள்வி கேட்ட தம்பி ஆறு மாதத்துக்குப் பிறகு வந்திருக்கிறார். நிதி வராததால் திட்டம் தள்ளிப்போனதாம், இப்போது மறுபடி கடிதம். என்ன செய்யலாம் என்கிறார். மற்றவர்கள் "போகாதே" என்றும் "போ" என்றும் எழுதிவிட்டீர்கள். நான் மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலில், 2019-இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. நீண்டகாலம் உதவித்தொகையில் இருந்தவரை எடுக்கும் நிறுவனத்துக்கு ஐந்து வருடம்வரை சம்பள மானியம்: முதல் இரண்டு வருடம் குறைந்தபட்சச் சம்பளம் முழுதும், பிறகு வருடம் நூற்றுக்குப் பத்துப் பத்தாகக் குறையும். அது உண்மையான வேலை ஒப்பந்தம், ஓய்வூதியத்தில் ஏறும். பொதுவாகக் கடந்த ஏழு வருடத்தில் ஆறு வருடம் உதவித்தொகையில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. நீர் நாலு வருடம் என்று எழுதியிருக்கிறீர், ஆகவே இன்றைக்கு உமக்கு இல்லை. ஆனால் அந்தப் பூங்காவில் அப்படி யாராவது வேலை செய்கிறார்களா என்று கேளும். செய்தால் அந்த இடத்தில் வேலை தெரிந்த ஒருவர் ஒரு குளிர்காலத்துக்கு மேல் இருக்கிறார் என்று அர்த்தம். அவரை ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, சங்கிலி வாள் சான்று திட்டத்துக்குள் இருக்கிறதா? வாயால் சொன்னால் நம்பாதேயும். கடிதத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, எந்தத் திகதியில் தொடங்குகிறது?

22 செப்டம்பர் 2024

அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வாள் சான்று கடிதத்திலேயே இருக்கிறதாம், ஐந்து நாள் வகுப்பு.

வேலி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். மொட்டையாம், இரண்டாள் உயரமாம்.

போம். முதலாவது குளிர்காலம், ஒரு பக்கம் மட்டும், ஞாபகம் இருக்கட்டும். யாராவது இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வெட்டச் சொன்னால் எனக்குத் தொலைபேசி எடும். சப்பாத்தை ஒரு அளவு பெரிதாகக் கேட்டு வாங்கும், உள்ளே இரண்டு காலுறை போட வேண்டிவரும்.